மூழ்கிய கப்பல்களின் வெள்ளிக்காசு: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரே நாணயச்சாலையில், ஒரே காலத்தில் அடித்த இரண்டு வெள்ளிக்காசுகள் ஏலத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது, எடையும் குறையவில்லை. இன்னொன்று அரித்துப்போய், பாதி எழுத்து அழிந்து, எடையில் கால்வாசியை இழந்திருக்கிறது. ஆனாலும் இரண்டாவது காசுதான் அதிக விலைக்குப் போகிறது. அதனுடன் வரும் சான்றிதழ்த் தாளில், 1622-ல் மூழ்கிய 'நுவெஸ்த்ரா செனியோரா தெ அடோச்சா' என்ற ஸ்பானியக் கப்பலின் பெயர் இருப்பதுதான் காரணம்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதலில் குழம்பும் இடம் இதுதான். இந்தக் காசுகளில் வெள்ளிக்கென்று கொடுக்கும் தொகை சொற்பம். கப்பலின் பெயருக்குத்தான் பெரும் பணம் போகிறது. அந்தப் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம்? தாளைப் பிரிப்பதற்கு முன் காசைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. காசில் இருப்பதும் தாளில் இருப்பதும் பொருந்துகிறதா என்று நீங்களே பார்க்க முடிந்தால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் நடக்காது. அதற்கு வேண்டிய அடிப்படைகளை இங்கே சொல்கிறேன்.

வெள்ளி வந்த வழி

இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டர் உயரத்தில் பொடோசி என்ற ஊர் இருக்கிறது. அதை ஒட்டி நிற்கும் செர்ரோ ரிக்கோ மலையில் 1545-ல் ஸ்பானியர்கள் வெள்ளியைக் கண்டார்கள். அடுத்த அறுபது, எழுபது வருடங்களில் மரம் மட்டை இல்லாத அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் சனம் சேர்ந்துவிட்டது. 1570-களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ டொலேடோ 'மித்தா' என்ற கட்டாய உழைப்பு முறையைக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த மாகாணங்களின் பூர்வகுடி ஆண்கள், வருடத்துக்குப் பதின்மூவாயிரம் பேர் என்ற கணக்கில், முறை வைத்துச் சுரங்கத்துக்கு வர வேண்டும். தாதுப் பொடியோடு உப்பும் பாதரசமும் கலந்து மிதித்துத்தான் வெள்ளியைப் பிரித்தார்கள். அந்தப் பாதரசம் பெருவின் வான்காவெலிகா சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் நஞ்சேறிச் செத்தார்கள். இந்தக் காசுகளை விரும்பிச் சேர்க்கிற எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். விற்பனைப் புத்தகங்களில் கொள்ளையரும் புயலும் பக்கம் பக்கமாக வருவார்கள். சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

மெக்சிகோ நகரில் 1536-லும், லிமாவில் 1568-லும், பொடோசியில் 1574-லும் காசு அடிக்கத் தொடங்கினார்கள். பொடோசி வெள்ளி லாமா என்ற சுமைவிலங்குகளின் முதுகில் மலையிறங்கி அரிக்கா துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து கப்பலில் லிமாவுக்குப் பக்கத்திலுள்ள கயாவ், பிறகு பனாமா. பனாமாவில் இறக்கி, கோவேறு கழுதைகளில் ஏற்றி, காட்டு வழியே மறுகரையிலுள்ள போர்ட்டோபெலோவுக்குக் கொண்டுபோவார்கள். மெக்சிகோ வெள்ளிக்கு வெராக்ரூஸ் துறைமுகம். கடைசியில் எல்லாக் கப்பலும் கியூபாவின் ஹவானாவில் தங்கி, அணியாகச் சேர்ந்து, புளோரிடாவை ஒட்டி வடக்கே போய் அட்லாண்டிக்கைக் கடக்கும். கூட்டமாகப் போனால் கொள்ளையர் பயம் குறைவு. ஆனால் ஒரு கப்பல் தாமதித்தால் எல்லாமே தாமதம். அப்படிக் காத்திருந்து காத்திருந்து புயல் பருவத்துக்குள் மாட்டிக்கொள்வார்கள். புளோரிடாக் கரையோரம் இத்தனை கப்பல்கள் கிடப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

காசு அடித்த விதம்

அன்றைய பெரிய காசு 8 ரியால். அதற்குக் கீழே 4, 2, 1, அரை ரியால் என்று இருந்தன. 230 கிராம் எடையுள்ள ஒரு 'மார்க்' வெள்ளியிலிருந்து 67 ரியால் எடுக்க வேண்டும் என்பது சட்டம். கணக்குப் போட்டால் ஒரு 8 ரியால் காசுக்கு 27.47 கிராம் வரும். அதில் 93 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. இந்த 27.47 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாணயச்சாலைக்குப் பெரிய நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: எடை சரியாக இருக்க வேண்டும். அழகுக்கெல்லாம் நேரமில்லை. வெள்ளியைக் கம்பியாக வார்த்து, துண்டு போட்டு, சுத்தியலால் தட்டிப் பரப்பி, எடை கூடினால் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து ஓங்கி ஒரு அடி. அவ்வளவுதான் காசு. அதனால் வீட்டில் கையால் தட்டிப் போடும் தட்டை மாதிரி ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஓரத்தில் விரிசல் இருக்கும், ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருக்கும். அச்சு பெரியது, வெள்ளித்துண்டு கோணல்மாணல் என்பதால் முழுச் சித்திரமும் ஒரு காசில் விழுவது அபூர்வம். ஸ்பானிய மொழியில் இவற்றுக்கு 'மக்குகினா' என்று பெயர். ஆங்கில ஏலப் பட்டியல்களில் 'காப்' என்று போட்டிருப்பார்கள்.

மெக்சிகோவில் 1732-ல் இயந்திரம் வந்து, உருண்டையான, ஓரத்தில் வேலைப்பாடுள்ள காசுகள் வெளிவந்தன. ஒரு கிரீடத்தின் கீழ் இரண்டு உலக உருண்டைகள், இருபுறமும் இரண்டு தூண்கள். இந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் வடிவம் இது. 1772 முதல் அரசரின் தலை வந்துவிட்டது. பொடோசி மட்டும் பழைய சுத்தியல் காசை 1773 வரை விடவில்லை.

காசைப் படிப்பது

அடோச்சா காலத்துச் சுத்தியல் காசு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சிலுவை. அதன் நான்கு மூலைகளில் இரண்டில் கோட்டை, இரண்டில் சிங்கம். கோட்டை கஸ்தீல் நாட்டுக்கு, சிங்கம் லியோன் நாட்டுக்கு. மறுபக்கம் அன்று ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கேடயம், அதன் மேல் கிரீடம். நாம் உற்றுப் பார்க்க வேண்டியது கேடயத்தின் இருபுறமும் உள்ள குட்டி எழுத்துகளை.

இடது பக்கம் நாணயச்சாலைக் குறி. பொடோசிக்கு 'P', மெக்சிகோவுக்கு 'M' எழுத்தின் மேல் ஒரு சிறிய 'o'. அதற்குக் கீழே இன்னோர் எழுத்து இருக்கும். அது மாற்றுப் பார்க்கும் அதிகாரியின் முத்திரை. காசில் வெள்ளி சரியான மாற்றில் இருக்கிறது என்று அவர் தன் பெயரை அடகு வைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். வலது பக்கம் மதிப்பு, 8 ரியாலுக்கு ரோமன் எண்ணில் எட்டு.

மாற்று பார்ப்பவரின் எழுத்து ஏன் இத்தனை முக்கியம்? மெக்சிகோ காசில் 1607-லிருந்தும் பொடோசி காசில் 1617-லிருந்தும்தான் ஆண்டு வருகிறது. அதற்கு முந்தைய காசுகளுக்குத் தேதி சொல்ல அந்த ஒற்றை எழுத்துதான் வழி. ஆண்டு பொறித்த பிறகும் பல காசுகளில் அது துண்டின் வெளியே போய்விடும். அப்போதும் அந்த எழுத்தும், காசைச் சுற்றி எழுதிய அரசரின் பெயரில் மிஞ்சியிருப்பதும்தான் துணை.

சிலுவையே ஒரு தடயம். மெக்சிகோ சிலுவையின் நான்கு நுனிகளிலும் குட்டி உருண்டைகள் இருக்கும். பொடோசி சிலுவையில் அவை கிடையாது. குறியெல்லாம் தேய்ந்துபோன காசைக்கூட இதை வைத்து ஊர் சொல்லிவிடலாம். ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வாக விழும் வெளிச்சமும் போதும். நேரே மேலிருந்து விளக்கைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் காட்டினால் அழிந்ததாக நினைத்த கோட்டை மதில் எழுந்து வரும்.

1652-ல் பொடோசி காசின் முகமே மாறியது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஊழல் இருக்கிறது. பொடோசி நாணயச்சாலையில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிப் பல வருடம் காசு அடித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் வியாபாரிகள் பொடோசி காசை வாங்கவே மறுத்தார்கள். விசாரணைக்கு வந்த பிரான்சிஸ்கோ தெ நெஸ்தாரெஸ் மரின், பெரும் வெள்ளி வியாபாரியான பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சாவுக்கு 1650-ல் மரண தண்டனை நிறைவேற்றினார். மாற்று பார்த்த அதிகாரியும் தப்பவில்லை. பழைய காசுகளின் மதிப்பைக் குறைத்து, அவற்றின் மேல் சின்னக் கிரீட முத்திரை குத்தினார்கள். அப்புறம் மக்கள் கண்டவுடன் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று புது வடிவம்: கடல் அலைகளுக்கு மேல் இரண்டு தூண்கள், குறுக்கே 'பிளஸ் உல்ட்ரா' (இன்னும் அப்பால்) என்ற வாசகம். ஆண்டையும் குறிகளையும் ஒரே காசில் இரண்டு மூன்று இடங்களில் போட்டார்கள். ஓரம் கோணலாக நறுக்கப்பட்டாலும் ஒன்றாவது தப்பிக்கும். புதிதாகப் படிக்கப் பழகுகிறவர்களுக்கு இந்தத் தூண்-அலைக் காசுதான் சிறந்த பாடம்.

சில கப்பல்கள்

எல்லாக் கப்பலையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சந்தையில் அடிக்கடி அடிபடும் நாலைந்து பெயர்கள் தெரிந்தால் போதும்.

முதலில் அடோச்சா. 1622 செப்டம்பர் 4 அன்று 28 கப்பல்கள் ஹவானாவிலிருந்து கிளம்பின. வழக்கத்தைவிட ஆறு வாரம் தாமதம். மறுநாளே புயல். அணியின் கடைசியில் காவலாக வந்த அடோச்சா, புளோரிடா கீஸ் தீவுகளுக்கு மேற்கே பாறைத்திட்டில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 265 பேரில் பிழைத்தவர்கள் ஐந்தே பேர். நீருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர்கள் அவர்கள். ஸ்பானியர் சரக்கை எடுப்பதற்குள் அக்டோபரில் இன்னொரு புயல் அடித்து மரத்தையும் கொண்டுபோய்விட்டது. கூடவே மூழ்கிய சாந்தா மார்கரித்தாவை மட்டும் 1626-ல் பிரான்சிஸ்கோ நூனியெஸ் மெலியான் என்பவர், முக்குளிப்பவர்களுக்காக மணி வடிவச் செம்புக் கூண்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கி, ஓரளவு துழாவி எடுத்தார்.

பிற்காலத்தில் மெல் ஃபிஷர் என்ற அமெரிக்கர் அடோச்சாவைப் பதினாறு வருடம் தேடினார். யூஜின் லையன் என்ற வரலாற்றாசிரியர் ஸ்பெயினின் செவில் நகரிலுள்ள இண்டீஸ் ஆவணக் காப்பகத்தில் பூச்சி அரித்த தாள்களைப் படித்து, தேட வேண்டிய தீவு வேறு என்று சொன்ன பிறகுதான் திசை கிடைத்தது. 1973-ல் சில வெள்ளிப் பாளங்கள் அகப்பட்டன. அவற்றில் வெட்டியிருந்த எண்ணையும் எடையையும் கப்பலின் சரக்குப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 350 வருடத்துக்கு முன் ஒரு குமாஸ்தா ஒழுங்காக எழுதிவைத்த கணக்குதான் அது எந்தக் கப்பல் என்பதைச் சொன்னது. ஆனால் 1975-ல் தேடல் படகு ஒன்று கவிழ்ந்து ஃபிஷரின் மகன் டர்க்கும், மருமகளும், இன்னொரு முக்குளிப்பவரும் இறந்துபோனார்கள். புளோரிடா அரசோடு நடந்த வழக்கு 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. முக்கியக் குவியல் கிடைத்தது 1985 ஜூலை 20-ல்: லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசு, ஆயிரத்துக்கு நெருக்கமான பாளங்கள். கார்தகெனா நகரில் 1621, 1622-ல் அடித்த, அதுவரை அநேகமாக யாரும் கண்டிராத வெள்ளிக்காசுகளும் அதில் இருந்தன. அந்த நாணயச்சாலையின் தொடக்க வரலாறே இதனால் தெளிவானது.

அடுத்தது 1715-ன் கப்பலணி. அந்த ஜூலை மாத இறுதியில் புளோரிடாவின் கிழக்குக் கரையில் பதினொரு ஸ்பானியக் கப்பல்கள் ஒரே புயலில் போயின. ஆயிரம் பேர் அளவில் இறந்தார்கள். 1950-களில் கிப் வாக்னர் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கடற்கரை மணலில் காசு பொறுக்கத் தொடங்கியதிலிருந்து இது பிரபலம். இன்றும் பெரிய அலை அடித்த மறுநாள் அங்கே காசு ஒதுங்குவதுண்டு. பெரும்பாலும் மெக்சிகோ காசுகள். ஆண்டு முழுதாக விழுந்த காசு கிடைத்தால் நல்ல விலை.

1654-ல் ஈக்வடாரின் சந்துய் அருகே மூழ்கிய ஹெசூஸ் மரியா என்ற கப்பலில் நான் மேலே சொன்ன கிரீட முத்திரைக் காசுகள் நிறைய இருந்தன. ஊழலையும் அதன் தண்டனையையும் ஒரே காசில் பார்க்க வேண்டுமானால் இதைத்தான் தேட வேண்டும்.

கடைசியாக எல் கஸதோர். 1784-ல் வெராக்ரூஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு நாலரை லட்சம் பெசோ (ஒரு பெசோ என்பது 8 ரியால்) வெள்ளியோடு கிளம்பிய சிறிய கப்பல். அன்று ஸ்பெயின் வசமிருந்த லூசியானாவில் மதிப்பிழந்துபோன காகிதப் பணத்தைத் திருப்பி வாங்க இந்தக் காசு போனது. கப்பல் போய்ச் சேரவேயில்லை. எங்கே மூழ்கியது என்றே தெரியாமல் இருந்தது. 1993 ஆகஸ்டில் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகின் இழுவலை எதிலோ சிக்கியது. வலையைத் தூக்கிக் கொட்டினால் தளமெல்லாம் கறுத்த காசு. கரையிலிருந்து தூரம், ஆழமும் அதிகம் என்பதால் அதுவரை யார் கையும் படாத சரக்கு. இயந்திரத்தில் அடித்த, மூன்றாம் கார்லோஸின் தலை பொறித்த மெக்சிகோ காசுகள் இவை. பெரும்பாலானவற்றில் ஆண்டு 1783.

உப்பு நீர் செய்யும் வேலை

தங்கத்தைக் கடல் ஒன்றும் செய்யாது. வெள்ளி அப்படியில்லை. மணலுக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் வெளிவிடும் கந்தகச் சேர்மம் வெள்ளியோடு வினைபுரிந்து கறுத்த வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. வெளித்தோல் மெல்ல மெல்லக் கறுப்பாக மாறிக்கொண்டே உள்ளே போகும். சுண்ணாம்பும் மணலும் துருவும் சேர்ந்து காசுகளைப் பெரிய கட்டியாக இறுக்கிவிடும். இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் 1961-ல் ஔரங்கசீப் காலத்துச் சூரத் ரூபாய்கள் கிடைத்தன. ஸ்பானியக் காசு இல்லை என்றாலும் கதை அதேதான். காசு கட்டியிருந்த பை மக்கிப் போயிருந்தது. காசுகள் மட்டும் பையின் வடிவத்திலேயே ஒட்டி இறுகிக் கிடந்தன.

இப்படி ஒரு கட்டியைப் பிரிக்கும்போது, வெளியே இருந்த காசுகள் காகிதம் போல மெலிந்திருக்கும். நடுவில் இருந்தவை நேற்று அடித்தது போல வரும். இரும்புப் பொருளை ஒட்டிக் கிடந்தவற்றுக்கும் அதிர்ஷ்டம்தான். இரும்பு முதலில் அரித்து வெள்ளியைக் காப்பாற்றிவிடும். ஒரே கப்பல், ஒரே பெட்டி, ஆனால் காசுக்குக் காசு நிலை மாறுவது இதனால்தான்.

எடுத்த காசுகளைக் கார நீரில் வைத்து மின்சாரம் செலுத்திச் சுத்தம் செய்வார்கள். சல்ஃபைடில் ஒரு பகுதி மறுபடி வெள்ளியாகும், மீதி உதிர்ந்துவிடும். மிஞ்சுவதில் சிறு சிறு பள்ளமும் மங்கிய சாம்பல் நிறமும் இருக்கும். இங்கேதான் 27.47 கிராம் கைகொடுக்கும். ஒரு நல்ல டிஜிட்டல் தராசில் வையுங்கள். 26, 27 என்று காட்டினால் கடல் அதைத் தொட்டும் தொடாமலும் விட்டிருக்கிறது. 18 என்று காட்டினால் மூன்றில் ஒரு பங்கு கடலுக்குள்ளேயே போய்விட்டது. முகம் பளிச்சென்று, அரிப்பே இல்லாமல் இருக்கும் காசு 20 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். எடை போன வழி காசின் மேல் தெரிய வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வாங்கிய காசை நீங்களாகத் துலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். நாலு நூற்றாண்டு தாங்கியது ஒரு மாலையில் போய்விடும்.

தாளும் போலியும்

அடோச்சா காசுகளை எடுத்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, படம் பிடித்து, எடையும் நாணயச்சாலையும் மாற்று பார்ப்பவரின் எழுத்தும் எழுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். நிலையை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்தார்கள். ஒன்று உயர்வு, நான்கு மிகவும் அரித்தது. இந்தத் தரம் அந்தக் கப்பலின் காசுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொன்னது என்பதை மறக்க வேண்டாம். தரம் ஒன்று என்றால் கடலே படாத காசுக்குச் சமம் என்று அர்த்தமில்லை.

சான்றிதழில் உள்ள படத்தைக் காசுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரத்தின் வளைவு, விரிசல், நறுக்கிய மூலை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கையால் அடித்த காசுகளில் இரண்டு ஒன்றுபோல இருக்கவே முடியாது என்பதால், ஓரம்தான் அதன் கைரேகை. காசு தொலைந்து தாள் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்தத் தாளை வேறு காசோடு சேர்த்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

போலியைப் பிடிக்கவும் இதே குணம் உதவும். வார்ப்புப் போலிகள் ஒரே மூலக் காசிலிருந்து அச்செடுத்தவை. இணையத்தில் வேறு வேறு விற்பனையாளர்களிடம் அதே விரிசல், அதே கோணல் ஓரத்தோடு காசு தென்பட்டால் ஒதுங்கிவிடுங்கள். ஓரத்தைச் சுற்றி மெல்லிய தழும்புக் கோடு, சித்திரத்தில் குட்டிக் குமிழிகள், எழுத்தின் விளிம்பில் கூர்மை இல்லாமல் சோப்பு கரைந்தது போன்ற வழுவழுப்பு, இதெல்லாம் வார்ப்பின் அடையாளங்கள். காந்தம் ஒட்டினால் பேச்சே இல்லை.

இன்னொரு வகை இருக்கிறது. இதைப் போலி என்று சொல்ல முடியாது, ஆனால் புதியவர்கள் ஏமாறுவது இதில்தான். அடோச்சாவில் கிடைத்த பாளங்களின் வெள்ளியை உருக்கி, பழைய காசின் வடிவத்தில் இப்போது அடித்த பதக்கங்கள் உண்டு. அதற்கும் சான்றிதழ் வரும்; அதிலும் அடோச்சா என்றே இருக்கும். வெள்ளி அந்தக் கப்பலுடையதுதான், காசு இந்தக் காலத்தது. சான்றிதழில் 'அடோச்சா வெள்ளியில் செய்தது' என்று இருக்கிறதா, 'அடோச்சாவில் மீட்ட நாணயம்' என்று இருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள்.

சான்றிதழே இல்லாத நல்ல காசுகளும் நிறைய உண்டு. பழைய ஏல நிறுவனத்தின் ரசீது, அச்சிட்ட பட்டியலில் வந்த படம் ஆகியவையும் ஆதாரங்களே. வெளி ஆதாரம் எதுவும் இல்லையென்றால் கப்பலின் பெயருக்கு என்று ஒரு ரூபாயும் தராதீர்கள்; வெறும் பொடோசி காசு, வெறும் மெக்சிகோ காசு என்ற விலைக்கு வாங்குங்கள். பொருந்தாததைக் கண்டுபிடிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். அடோச்சா என்று சொல்லி 1652-க்குப் பிறகு வந்த தூண்-அலைக் காசைக் காட்டினால், கப்பல் மூழ்கி முப்பது வருடம் கழித்து அடித்த காசு அதற்குள் எப்படிப் போனது?

யாருடைய காசு?

இதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1804 அக்டோபர் 5 அன்று போர்ச்சுகலின் தெற்கே, ஆங்கிலக் கப்பல்களோடு நடந்த சண்டையில் மெர்ஸேதெஸ் என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. 2007-ல் அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்று அதிலிருந்து கிட்டத்தட்ட ஆறு லட்சம் காசுகளை எடுத்து விமானத்தில் புளோரிடாவுக்குக் கொண்டுபோனது. ஸ்பெயின் வழக்குப் போட்டது. போர்க்கப்பல் எத்தனை வருடமானாலும் அந்த நாட்டுடையதே என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டு, 2012-ல் எல்லாக் காசும் ஸ்பெயினுக்குத் திரும்பியது. இப்போது அவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1708-ல் கொலம்பியாவின் கார்தகெனாவுக்கு அப்பால் மூழ்கிய சான் ஹோசே கப்பலுக்கு இன்னும் பெரிய தகராறு. கொலம்பியா, ஸ்பெயின், ஓர் அமெரிக்க நிறுவனம், அப்புறம் பொலிவியாவின் காரா காரா பூர்வகுடிகள் எல்லோரும் உரிமை சொல்கிறார்கள். தங்கள் முன்னோர் தோண்டிய வெள்ளி என்று அந்த மக்கள் சொல்வதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது.

நீரடிப் பண்பாட்டுச் சின்னங்களைப் பற்றிய யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, இவற்றைத் தோண்டி விற்பதையே கூடாது என்கிறது. காசை மட்டும் உருவிக்கொண்டு போனால் அது எந்தப் பெட்டியில், எந்தத் தளத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் எப்போதைக்குமாக அழிந்துவிடும் என்பது தொல்லியலாளர்களின் வாதம். மறுக்க முடியாத வாதம். அதனால் நான் சொல்வது இது: வழக்கும் பங்கு பிரிப்பும் முடிந்து, பதிவோடு சந்தைக்கு வந்து பல வருடமான பழைய காசுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'சமீபத்தில் கிடைத்தது, எங்கே என்று கேட்காதீர்கள்' என்கிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். உள்ளே வந்த காசைத் தனியாள் மறுபடி வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. வெளிநாட்டில் மறுவிற்பனை செய்யலாம் என்ற கணக்கில் வாங்குகிறவர்கள் காசை இங்கே வரவழைக்கும் முன் யோசித்துக்கொள்ளட்டும்.

முதல் காசு

சரி, எதில் தொடங்கலாம்? என் ஓட்டு எல் கஸதோருக்கு. உருண்டையான காசு, ஆண்டு தெளிவாக இருக்கும், படிக்கச் சுலபம், எண்ணிக்கையும் அதிகம். அதனால் அடோச்சா விலையில் ஒரு சிறு பங்கில் முடிந்துவிடும். 8 ரியாலுக்குக் கை எட்டவில்லையா, 2 ரியாலோ 1 ரியாலோ வாங்குங்கள். தரச்சான்று நிறுவனங்கள் உறையிட்டுக் கொடுக்கும் காசுகளில் கடல் அரிப்பு உண்டு என்று தனியாகக் குறித்திருப்பார்கள். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

அதற்கடுத்து, கப்பல் பெயர் இல்லாத பொடோசி தூண்-அலைக் காசு ஒன்று. படிக்கப் பழகுவதற்காக மட்டுமே இது. அடோச்சாவை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தாளில் எழுதியிருப்பதை நீங்களே காசில் சரிபார்க்கும் அளவுக்குக் கண் பழகியிருக்கும்.

கப்பலே மூழ்காத ஒரு காசையும் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மூழ்காத கப்பல்களின் வெள்ளியில் கணிசமான பங்கு ஆசியாவுக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஸ்பானிய வெள்ளியைச் சென்னைக்குக் கொண்டுவந்து இங்கேயே காசாக்கியது. 1807, 1808 வாக்கில் சென்னையில் அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, அவரைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. இவற்றில் சில, ஸ்பானிய 8 ரியால் காசுகளின் மேலேயே அடிக்கப்பட்டவை. அடி சரியாக விழாத காசுகளில் பழைய ஸ்பானிய எழுத்து இங்குமங்கும் துருத்திக்கொண்டு தெரியும். அப்படி அடிக்காசு தெரிகிற துண்டுக்கு விலை கூடும். விற்பவரிடம் இரண்டு பக்கத்தையும் சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.